தவளை வண்டிக்கு ஒரு கை

ஜனவரி 4

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது வருஷ டைரி கொடுத்தார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டிகளைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். பார்த்தால், இந்த வருஷத்தின் முதல் வண்டியே என் புருஷன், அதாவது அத்தானுடையது. கூலி தரமாட்டார். போகச் சொன்னாலும் போகமாட்டார். நான் குனிந்து வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னால் நின்று, "அந்த போல்ட்டு இல்லட்டி, பக்கத்துல உள்ளது" என்பார். இப்படி ஒரு கஸ்டமர் இருந்தால் டைரி முழுக்க அவருக்கே சரியாகப் போய்விடும்.

வண்டி, நாலு சக்கர பைக். கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை மூடியபோது அத்தான் வாங்கி வந்தது. பருத்த டயரும் துருத்திய விளக்குமாக இருப்பதால் ஊரில் அதற்குத் தவளை வண்டி என்று பெயர். எங்கள் ஊருக்குத் தெற்கே முழுக்கத் தேரி. சிவப்பு மணல் மேடு, அதன் பின்னால் இன்னொரு மேடு. சாதாரண பைக் போனால் பாதிச் சக்கரம் புதைந்துவிடும். அந்த மணலுக்கு நடுவே உள்ள முருங்கைத் தோட்டத்தில்தான் அத்தானின் தேன்பெட்டிகள் இருக்கின்றன.

பதினைந்து வருஷம் அங்கே ஓட்டி, எத்தனையோ தடவை உருண்டவருக்கு ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. போன ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைக் கேட்டு வாங்கி, காற்றுக்காக இடது முழங்கையை வெளியே வைத்தார். எதிரே லாரி. முழங்கைக்கு மேலே கையை எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் ஒர்க்‌ஷாப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எந்த ஊரில் எந்த மெக்கானிக் மலிவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இவரை வெளியே அனுப்பியாக வேண்டும். அதற்குத்தான் வண்டியைத் திருத்தப் போகிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 5

இன்றுதான் அவரிடம் சொன்னேன்.

"அத்தான், தவளைய வெளிய எடுக்கப் போறேன்."

"விக்கவா?"

"ஓட்டத்தான்."

"யாரு ஓட்ட?"

"ஐயரம்மாதான். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் தேரிக்குப் போறாவளாம்."

ஐயரம்மா எங்கள் சபை ஐயருடைய, அதாவது பாதிரியாருடைய மனைவி. ஸ்கூட்டரில் வேகத்தடை வந்தாலே இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவர்கள். அத்தான் சிரிக்கவில்லை.

"ஒத்தக் கையால சட்டப் பொத்தானே போட முடியல எப்சி."

"பொத்தான் போட என்கிட்ட ஸ்பானர் இல்ல. ஸ்டியரிங்குக்கு இருக்கு."

அத்தான் எழுந்து போய் தவளையின் சீட்டில் இருந்த தூசியைத் துடைத்தார். துடைத்த துணி, நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த என் துப்பட்டா.

ஜனவரி 8

பிரேக் வேலை முடிந்தது. பின் பிரேக் இடது கைப்பிடியில் இருந்தது. அந்தக் கேபிளை எடுத்து வலது கால் பெடலோடு சேர்த்துவிட்டேன். முன் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வலது கையில்தான், அதனால் பிரச்சினை இல்லை. கியர் இடது காலில். அந்தக் காலுக்கு இன்னும் ஆபத்து ஒன்றும் வரவில்லை, பஸ்ஸில் போகாதவரை.

இதை அத்தானிடம் சொன்னேன். "ஓ, பெரிய தமாசு" என்றார். ஆனால் சிரித்தார். ஆகஸ்டுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. வெல்டிங் புகையில் கண் கரித்துவிட்டது.

ஜனவரி 11

எங்கள் சபைக் கோயில் மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். நேராகப் போகும்வரை ராஜா மாதிரி போனார். ஒரு பனை வேரில் சக்கரம் ஏறியதுதான் தாமதம், ஹேண்டில் உதறி ஒரே திருப்பாகத் திரும்பிவிட்டது. ஒரு கையால் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வண்டி நேரே போய் மதில் ஓரம் இருந்த செம்பருத்திச் செடிக்குள் நின்றது.

"வண்டிக்கு சாமி கும்பிடப் பூ பறிக்கணும்னு தோணிருக்கு" என்றேன்.

"நம்ம வேதக்காரங்கல்லாட்டி, பூ போட்டா கும்பிடுவோம்?" என்றார், செடிக்குள் இருந்தபடியே.

ஜனவரி 13

ஒரு பழைய மொபெட்டின் ஷாக் அப்சர்பரை எடுத்து, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹேண்டிலுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே வைத்தேன். இப்போது ஹேண்டில் திரும்பும், உதறாது. ஆனாலும் மணலில் ஒரு கை போதாது. இடது பக்கமும் ஒரு பிடி வேண்டும்.

ஜனவரி 15

ஸ்பேர் கடையெல்லாம் பொங்கலுக்கு அடைத்திருக்கிறது. பனங்கிழங்கு அவித்தேன். அத்தான் நார் உரிக்க முடியாமல் கிழங்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் உரித்துக் கொடுக்கவில்லை. கிழங்கை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உரிக்கலாம் என்று அவரே கண்டுபிடித்தார். பிறகு எனக்கும் ஒன்று உரித்துக் கொடுத்தார். பாதி நார் அப்படியே இருந்தது. கேலி செய்யாமல் நாரோடு தின்றேன். அதுவே பெரிய விஷயம்.

ஜனவரி 18

ஒரு முகாமில் அத்தானுக்குச் செயற்கைக் கை கொடுத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் நிறம். விரல்கள் எப்போதும் ஆசீர்வாதம் சொல்வது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அத்தான் பெயரும் ஆசீர்வாதம்தான், ஊரில் ஆசீர் என்பார்கள். பொருத்தமான கை. ஆனால் ஒரு நாள்கூட அவர் போட்டதில்லை, ஆணியில் தொங்கியது.

இன்று அதை எடுத்து முழங்கைக்குக் கீழே அறுத்துவிட்டேன். மேல் பாதியில், அவர் கை நுழைகிற கூடு எனக்கு வேண்டும். அதன் முனையில் ஒரு கம்பி, கம்பி முனையில் ஒரு இரும்புக் குண்டு. ஜீப் ஸ்டியரிங்கில் வரும் பால் ஜாயிண்ட் குண்டு. ஹேண்டிலின் இடது முனையில் அந்தக் குண்டு உட்கார ஒரு ரப்பர் கிண்ணம். லாரி ரப்பர் புஷ்ஷைக் குடைந்து செய்தேன். தோளை அசைத்தால் ஹேண்டில் அசையும்.

முதலில் பெல்ட் வைத்துக் கட்டிவிடலாம் என்றுதான் அத்தான் சொன்னார்.

"கட்டிப்போட்டா, கவிழ்ந்தா வண்டியோட சேர்ந்துதான் உருளுவிய" என்றேன்.

அவர் மறுபடி பெல்ட் பேச்சை எடுக்கவில்லை. கிண்ணம் கையைப் பிடித்திருக்கவும் வேண்டும், விழுந்தால் விடவும் வேண்டும். எல்லாச் சிரமமும் அதில்தான் இருக்கிறது.

ஜனவரி 22

கிண்ணம் ரொம்ப இறுக்கம். மணல் மூட்டையைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். மூட்டைதான் கிழிந்தது. ரப்பரைக் கொஞ்சம் சீவினேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தேன் வியாபாரி போன் செய்தார். பெட்டிகளை மொத்தமாக எடுத்துக்கொள்கிறாராம். மாசி பிறப்பதற்குள் பதில் வேண்டுமாம். தோட்டக்காரர் தங்கையா அண்ணாச்சியும் வந்து, பெட்டியில் எறும்பு ஏறுகிறது, யாரும் பார்க்கவில்லையென்றால் தேனீ எல்லாம் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தான் இரண்டு பேருக்கும் "பாப்போம்" என்றுதான் சொன்னார்.

ஜனவரி 24

இன்று நான் என் புருஷனை நாலு பேர் பார்க்கக் கீழே தள்ளினேன்.

கிண்ணம் விடுகிறதா என்று பார்க்க வேறு வழி இல்லை. வண்டியை நிறுத்தி, பக்கத்தில் மெத்தையைப் போட்டு, அத்தானை உட்கார வைத்து, குண்டைக் கிண்ணத்தில் அமுக்கி, பக்கவாட்டில் தள்ளினேன். முதல் தடவை குண்டு விடவில்லை, ஹேண்டிலோடு தொங்கினார். சீவினேன். அடுத்த தடவை 'ப்ளக்' என்று விட்டது. மெத்தையில் அழகாக விழுந்தார். சந்தேகம் தீர மறுபடி தள்ளினேன்.

அந்த நேரம் பார்த்து ஐயரம்மா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"என்ன எப்சி, பட்டப்பகல்ல மாப்பிள்ளையப் போட்டுத் தள்ளுத?"

"சோதன ஐயரம்மா."

"எங்களுக்கும் வீட்டுல சோதன உண்டு. நாங்க ஜெபம்தான் பண்ணுவோம்."

அத்தான் மெத்தையில் கிடந்தபடியே, "நீங்க பொறவு வாங்க ஐயரம்மா, இன்னும் நாலு தள்ளு பாக்கி இருக்கு" என்றார்.

ஜனவரி 27

வண்டி தயார். கடைசியாக எல்லா நட்டையும் ஒரு தடவை பார்த்தேன்.

ஆக்சிலரேட்டர் பெட்டியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை உள்ளே முடுக்கிவிட்டால், கட்டைவிரலால் எவ்வளவு அமுக்கினாலும் வண்டி ஒரு அளவுக்கு மேல் ஓடாது. ஓட்டத் தெரியாத சுற்றுலாக்காரர்களுக்காக வைத்தது. அதை நன்றாக முடுக்கி, நட்டையும் இறுக்கினேன். பெட்ரோல் விற்கிற விலையில் அதுதான் நல்லது. அத்தானிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் ஒரு கஸ்டமரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

தூக்கம் வரவில்லை. கொசு.

ஜனவரி 30

அத்தான் தேரிக்குப் போனார். முன்பக்கத்துச் சின்ன மேடுகள் மட்டும், பெரிய மேட்டுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. ஒரு கார்புரேட்டரைக் கழுவினேன். அதையே மறுபடி கழுவினேன். மூன்றாவது தடவையும் கழுவினேன். அழுக்கு அதிகம்.

திரும்பி வந்தபோது புருவம் வரை சிவப்பு மண். குண்டு இரண்டு தடவை கழன்றதாம், அவரே ஓட்டியபடி மறுபடி அமுக்கிக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தது முகம்.

"ஆனா வண்டி இழுக்க மாட்டேங்கு எப்சி. ஒரு மாதிரி தொங்குது."

"ஆறு மாசம் சும்மா கெடந்த எஞ்சின். உங்களப் போலத்தான். மெல்ல மெல்லத்தான் சூடாகும்."

தலையாட்டினார். நான் சொன்னால் நம்புவார். எஞ்சின் விஷயத்தில் மட்டும்.

பிப்ரவரி 4

பெட்டிகளைப் பார்க்கப் போனார். அதற்குப் பெரிய மேட்டைத் தாண்ட வேண்டும்.

நடந்து திரும்பி வந்தார். கன்னத்தில் உராய்ந்து தோல் போயிருந்தது. பின்னாலேயே தங்கையா அண்ணாச்சியின் டிராக்டர் தவளையைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. மேட்டில் பாதி ஏறும்போது வண்டி நின்று, பின்னால் சரிந்து, கவிழ்ந்திருக்கிறது.

நான் முதலில் ரப்பர் கிண்ணத்தைத்தான் பார்த்தேன். சரியாக விட்டிருக்கிறது. கம்பி வளையவில்லை, கூடும் உடையவில்லை. என் வேலையில் ஒரு குறையும் இல்லை.

காதுக்குள் எல்லாம் மணல். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். கிண்டல் செய்ய வாய்ப்பு நிறைய இருந்தது. அவரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

பிப்ரவரி 5

அத்தான் பேசவில்லை. ஒர்க்‌ஷாப் அமைதியாக இருக்கிறது. இப்படி ஒரு அமைதியில் நிறைய வேலை ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

பிப்ரவரி 7

மத்தியானம் அவர் போனில் பேசுவது கேட்டது. "சனிக்கிழமை வண்டியோட வாங்க. பூராத்தையும் எடுத்துக்கிடுங்க." மார்த்தாண்டத்துக்காரரிடம்.

நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் போனேன்.

"எதுக்கு அத்தான்? ஒரு தடவை விழுந்ததுக்கா? முன்னால விழாததா?"

"விழுந்ததுக்கு இல்ல."

"பின்ன?"

அவர் நாற்காலியில் இருந்து எழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"பாதி மேட்டுல எஞ்சின் இழுக்கல. நான் அமுக்கிக்கிட்டே இருக்கேன், வண்டி பின்னால சரியுது. விழுந்து கெடக்கும்போது ஹேண்டில் என் கண்ணுக்கு நேர இருந்துச்சு. வண்டி பூரா மண்ணும் துருவுமா இருக்கு, அந்தத் திருகோட நட்டு மட்டும் பளபளன்னு இருக்கு. புது ஸ்பானர் தடம்."

பெட்ரோல் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பெட்ரோலுன்னு சொல்லாத" என்றார். "ரோட்டுல போற வண்டிச் சத்தத்தக் கேட்டே எந்த வால்வுல கோளாறுன்னு சொல்லுத பொம்பள நீ. என்னையும் இத்தன நாள் பக்கத்துல இருந்து பாத்திருக்க. இவனால முடியாதுன்னு தெரிஞ்சுதான முடுக்கியிருப்ப? மத்தவன் சொன்னா போடான்னு போயிருவேன். நீயே நெனச்சா அது சரியாத்தான் இருக்கும். அதான் குடுத்திருதேன்."

ஒரு கஸ்டமர் வந்து ஹாரன் அடித்தார். நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

"உங்களப் பாத்து முடுக்கல" என்றேன் கடைசியில்.

"பின்ன யாரப் பாத்து?"

"என்னப் பாத்துதான். அன்னைக்கு நாகர்கோவில் ஆஸ்பத்திரில நீங்க மயக்கத்துல கெடந்திய. வராந்தாவுல முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்தது நான்தான அத்தான். டாக்டர் வந்து கையெழுத்துப் போடச் சொன்னாவ. கைய எடுக்கலன்னா உயிருக்கு உத்தரவாதம் இல்லன்னாவ. நான் போட்டேன். இன்னொரு தடவ அந்த வராந்தாவுல உக்கார எனக்குத் தெம்பு இல்ல."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா நீங்க போகாம இருந்திருப்பிய."

யோசித்தார். "இருந்திருப்பேன்" என்றார்.

"அதான் சொல்லல."



பிப்ரவரி 8

காலையில் அவர் கண் முன்னால் அந்தத் திருகைக் கழற்றினேன். பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ எங்க வார?"

"பெட்டி பாக்க."

"உனக்குத் தேனீன்னா பயம்லா?"

"உங்க கூட இருக்கிறத விடவா?"

இத்தனை வருஷத்தில் நான் தேரிக்குள் போனதில்லை. போயிருந்தால் இந்த மனிதரை முதல் வாரத்திலேயே நிறுத்தியிருப்பேன். சின்ன மேடுகளிலேயே என் வயிறு ஒரு மேட்டிலும் நான் ஒரு மேட்டிலுமாக இருந்தோம். "வலப்பக்கம் சாயிட்டி" என்பார். நான் சாய்வதற்குள் அந்த வளைவு முடிந்திருக்கும்.

பெரிய மேட்டின் அடியில் நிறுத்தினார். சுவர் மாதிரி நின்றது, சிவப்பாக.

"கண்ண மூடிக்கிடு."

"மூடினா எப்படிப் பாக்க?"

"அதுக்குத்தான் மூடச் சொல்லுதேன்."

மூடவில்லை. அவர் கட்டைவிரல் முழுக்க இறங்கியது. தவளை அப்படி ஒரு சத்தம் போடும் என்று அதைப் பிரித்துப் பூட்டிய எனக்கே தெரியாது. அதன் ஒவ்வொரு நட்டையும் நான் அறிவேன், அது என்ன செய்யும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. பாதிக்கு மேல் போனபோது 'ப்ளக்' என்றது. குண்டு கழன்றுவிட்டது. நான் அவர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினேன். பைபிள் சங்கீதமா கெட்ட வார்த்தையா என்று நினைவில்லை. அத்தான் ஹேண்டிலை விடவில்லை, விரலையும் எடுக்கவில்லை. உடம்பை மட்டும் ஒரு பக்கமாக வளைத்தார். வண்டியும் வளைந்து, மேட்டின் தலையில் போய் நின்றது.

அங்கே நல்ல காற்று. கீழே முருங்கை பூத்து வெள்ளையாகக் கிடந்தது.

"எறங்குதியா, இப்படியே பெல்ட்ட புடிச்சிக்கிட்டு குடும்பம் நடத்துவமா?" என்றார்.

பெட்டிகளில் பாதி காலி. எறும்பும் பூச்சியும் மெழுகைத் தின்றிருந்தன. மீதியில் தேனீ இருந்தது. அத்தான் ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டார். உயிர் இருக்கிற பெட்டிக்கு ஒரு தட்டு, இல்லாததற்கு ஒன்றும் இல்லை. ஒரு கையால் தேனடைச் சட்டத்தைத் தூக்கினால் புகை போடக் கை இல்லை. புகைச் சட்டியை நான் வாங்கினேன். எந்தப் பக்கம் ஊதுவதென்று தெரியாமல் தேனீக்கு ஒரு பங்கு, எனக்கு மூன்று பங்கு புகை. ஒரு ஈ வந்து என் கீழுதட்டில் கொட்டியது.

கொட்டிய முள்ளை எடுத்துவிட்டபடி அத்தான், "ரெண்டு நாளைக்குப் பேச்சு கொறையும். ஈக்கும் என் கஷ்டம் தெரிஞ்சிருக்கு" என்றார்.

சட்டத்தைத் தொங்கவிட ஒரு ஸ்டாண்டு வெல்டிங் செய்து கொடுத்தால் இவருக்கு என் கை தேவைப்படாது. அளவு எடுத்துக்கொண்டேன்.

போன் சிக்னல் மேட்டின் மேல்தான் கிடைத்தது. திரும்பும்போது அங்கே நிறுத்தி மார்த்தாண்டத்துக்குப் பேசினார். "அண்ணாச்சி, பெட்டி குடுக்கதுக்கு இல்ல. சனிக்கிழமை சும்மா வாங்க, மீன் கொழம்பு வைக்கச் சொல்லுதேன்." வைக்கப் போவது யார் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 9

உதடு வீங்கியிருக்கிறது. அத்தான் சந்தோஷமாக இருக்கிறார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

பிப்ரவரி 12

ஸ்டாண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு காலையிலேயே அத்தான் தனியாகப் போனார். எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். "பூவப் பொறுத்து" என்றார். சரி என்றேன்.

நல்ல வேகம். ஊர் தாண்டியும் எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சின்ன மேடுகளில் ஏறி இறங்குவது தெரிந்தது. பிறகு பெரிய மேட்டில் ஒரே மூச்சாக ஏறுகிற சத்தம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மேட்டைத் தாண்டிவிட்டால் சத்தம் கேட்காது. தாண்டாவிட்டாலும் கேட்காது. எது என்று இங்கே இருந்து சொல்ல முடியாது.

ஐயரம்மா பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஸ்கூட்டரைக் கொண்டுவந்தார்கள். நாற்காலி காலியாக இருந்ததால் அதில் உட்கார்ந்தார்கள்.

"தனியா அனுப்பிட்டியே எப்சி, உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு ஐயரம்மா" என்றேன்.

இதுவரை யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. இந்த டைரியிலும் எழுதியதில்லை. ஏதாவது கேலி வரும் என்று ஐயரம்மா எதிர்பார்த்திருப்பார்கள் போல. என் முகத்தையும் தேரியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, "ஸ்கூட்டர்ல ஹாரனும் அடிக்கல பாத்துக்கோ" என்றார்கள்.

பார்த்தேன். ஒயர் அறுந்திருந்தது. ஒட்டவைத்து அமுக்கிக் காட்டினேன். நல்ல சத்தம், மேடு வரைக்கும் கேட்டிருக்கும்.